வாடகை வீட்டை நமக்காகப் பார்த்துக்கொள்ளும் கம்பெனி: கொடுக்கிற காசுக்குத் தகுமா?

மாத வாடகையில் 8 சதவீதம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, புதிதாக ஆள் பிடித்துக் கொடுத்தால் அரை மாத வாடகை தனி. இதுதான் அவர்கள் ரேட். சென்னை மேடவாக்கத்தில் ஒரு டபுள் பெட்ரூம் ஃபிளாட்டை வாடகைக்கு விடுவதற்கென்றே வாங்கிவிட்டு, நான் பெங்களூரில் உட்கார்ந்திருப்பதால், சாவியை இப்படி ஒரு பிராப்பர்ட்டி மேனேஜ்மென்ட் கம்பெனியிடம் கொடுத்திருக்கிறேன். கம்பெனியின் பெயரைப் போடவில்லை. நல்லதும் கெட்டதும் நம் ஏரியாவுக்கு எந்த மேனேஜர் வாய்க்கிறார் என்பதைப் பொறுத்தே இருக்கிறது, அதோடு பெயரை விட அவர்கள் கையெழுத்து வாங்கும் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. அதனால் ஒப்பந்தத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

வெளியூரில் இருப்பவர்களுக்கு இந்தச் சேவை தேவை, ஆனால் அவர்கள் நீட்டுகிற ஒப்பந்தத்தை அப்படியே ஏற்கக் கூடாது. சென்னையிலேயே இருந்து முதல் வாடகை வீடு வாங்குகிறவர்களுக்கு மாதாமாதம் சதவீதம் கொடுப்பது வீண். ஆள் பிடிக்கவும் அக்ரிமென்ட் போடவும் மட்டும் ஒருமுறைக் கட்டணம் கட்டினால் போதும்.

இவர்கள் விளம்பரத்தில் 'உட்கார்ந்த இடத்தில் வருமானம்' என்று போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்த இடத்தில் எவ்வளவு வருகிறது என்று கணக்குப் போட்டால்தான் 8 சதவீதம் பெரிதா சிறிதா என்று தெரியும், அதனால் என் கணக்கையே வைக்கிறேன். வீடு 60 லட்சம், ரீசேல். முத்திரைத்தாளும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம், அதுவே 5.4 லட்சம். (2023 ஏப்ரலுக்கு முன் பதிவுக் கட்டணம் 4 சதவீதமாக இருந்தது, அதை 2 ஆக்கினார்கள், ஆனால் கூடவே வழிகாட்டி மதிப்பை, அதாவது பதிவுக்கு அரசு நிர்ணயிக்கும் விலையை, ஏற்றிவிட்டார்கள், அதனால் ரொம்பச் சந்தோஷப்பட ஒன்றுமில்லை.) புரோக்கருக்கு ஒரு சதவீதம். பெயின்டிங், கீசர், ஃபேன், பால்கனிக்குக் கிரில் என்று ஒரு ஒன்றரை லட்சம். ஆக மொத்தம் அறுபத்தேழரை லட்சம் உள்ளே போயிருக்கிறது. வாடகை 18,000, அசோசியேஷன் மெயின்டனன்ஸைக் குடியிருப்பவரே தனியாகக் கட்டுகிறார். வருஷத்தில் ஒரு மாதம் காலியாகக் கிடந்தது என்று வைத்தால் 1,98,000. அதில் கம்பெனிக்கு ஜிஎஸ்டியோடு கிட்டத்தட்ட 18,700, சொத்து வரி 5,000, ரிப்பேருக்கு 15,000 போனால் கையில் நிற்பது 1,59,000 சொச்சம். போட்ட பணத்துக்கு 2.4 சதவீதம் கூட வரவில்லை. ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்டிருந்தாலே இதைவிட அதிகம் வந்திருக்கும்.

இன்னொரு பக்கம் 45 லட்சம் லோன், நான் எடுத்தபோது 8.5 சதவீதம், 20 வருஷம், மாதத் தவணை 39,000. வாடகை 18,000. மிச்சம் 21,000 ஒவ்வொரு மாதமும் சம்பளத்திலிருந்து போகிறது. இதைத் தெரிந்துதான் வாங்கினேன், எனக்கு நிலத்தின் விலை ஏற்றத்தில்தான் கண். ஆனால் 'வாடகையிலேயே இஎம்ஐ கட்டிவிடலாம்' என்று யாராவது சொன்னால், சென்னையில் இன்றைய விலைக்கு அது நடக்கவே நடக்காது, முக்கால்வாசிப் பணத்தைக் கையிலிருந்து போட்டால் ஒழிய.

வரி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாடகை வருமானத்தில் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தை நிலையான கழிவாக எடுத்துக்கொள்ளலாம். அந்த 30க்குள்தான் எல்லாமே அடக்கம், கம்பெனிக்குக் கொடுக்கும் கட்டணத்தையோ ரிப்பேர் பில்லையோ தனியாகக் காட்ட முடியாது. வாடகைக்கு விட்ட வீட்டுக்கு லோன் வட்டியைக் கழிக்கலாம். பழைய வரி முறையில் இருந்தால் அதனால் வரும் நஷ்டத்தில் வருஷத்துக்கு 2 லட்சம் வரை சம்பளத்தோடு சரிக்கட்டலாம், புதிய முறையில் அந்தச் சலுகை கிடையாது. கம்பெனியின் விற்பனைப் பையன் 'எங்க ஃபீஸ் டாக்ஸ்ல போயிடும் சார்' என்றார். போகாது.

அப்புறம் இவர்கள் 'இன்வெஸ்ட்மென்ட் அட்வைசரி' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். எந்த வீடு வாங்கலாம் என்றும் அவர்களே சொல்வார்கள். இதை மட்டும் தொடவே வேண்டாம். எனக்கு அனுப்பிய பட்டியலில் இருந்ததெல்லாம் கட்டி முடிக்காத பெரிய டவர் புராஜெக்டுகள். கமிஷன் பில்டரிடமிருந்து வருகிறதா என்று கேட்டேன், நேரான பதில் வரவில்லை. முதல் வாடகை வீடு என்றால் கட்டி முடித்து ஆள் குடியிருக்கிற பழைய ஃபிளாட்டைத்தான் நான் சொல்வேன். வாடகை என்ன போகிறது என்று பக்கத்து வீட்டிலேயே கேட்டுவிடலாம். மூன்று மாடிக் கட்டடத்தில் நமக்கு வரும் யூடிஎஸ், அதாவது பிரிக்கப்படாத நிலப்பங்கு, பதினைந்து இருபது மாடி டவரில் வருவதை விட நிறைய இருக்கும். கட்டடம் வருஷா வருஷம் தேயும், ஏறுகிறது நிலம்தான்.

மேடவாக்கத்தை நான் பிடித்ததற்குக் காரணம் சோழிங்கநல்லூர், பெரும்பாக்கம் பக்கத்து ஆபீஸ்களுக்கு எளிதாகப் போய்வரலாம் என்பதும், மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரும் மெட்ரோ தடம் இந்த வழியாக வருகிறது என்பதும். ஆனால் இந்தப் பக்கம் முழுக்கப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் விளிம்பு. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று டீக்கடையிலும் வாட்ச்மேனிடமும் கேட்காமல் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வாடகைக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் இரண்டு கேள்வியே அதுதான்: மழைக்குத் தண்ணீர் நிற்குமா, கோடைக்குத் தண்ணீர் வருமா? இரண்டாவது கேள்விக்கு எங்கள் கட்டடத்தில் போர்வெல் இருக்கிறது, ஏப்ரல் மே மாதங்களில் லாரி. அந்த லாரிச் செலவு மெயின்டனன்ஸில் ஏறும், அதைப் பார்த்துவிட்டுக் காலி பண்ணுகிறவர்களும் உண்டு.

சரி, கம்பெனி நன்றாகச் செய்வது என்ன? ஆள் பிடிப்பது. இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. வீட்டை ஒழுங்காகப் படம் எடுத்து எல்லாத் தளங்களிலும் போட்டார்கள், பார்க்க வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்து காட்ட ஒரு ஆள் இருந்தார், வேலை செய்யும் இடத்துக்கும் முன்பு குடியிருந்த வீட்டின் ஓனருக்கும் போன் போட்டு விசாரித்து எழுதி அனுப்பினார்கள். முந்தைய ஓனரிடம் விசாரிப்பது சாதாரண விஷயம் மாதிரித் தெரிகிறது, ஆனால் நாமாக வீடு விடும்போது பாதிப்பேர் அதைச் செய்வதில்லை, ஆதார் ஜெராக்ஸ் வாங்கினால் போதும் என்று இருந்துவிடுகிறோம். அவர்களின் படிவத்தில் 'வெஜ் மட்டும்', 'ஃபேமிலி மட்டும்' என்று கட்டங்கள் இருந்தன. இரண்டையும் நான் டிக் செய்யவில்லை. அந்தக் கட்டங்களே இருக்கக் கூடாது என்பது என் கட்சி, அது ஒரு பக்கம் இருக்கட்டும், வியாபாரமாகப் பார்த்தாலும் வீடு காலியாகக் கிடக்கும் ஒவ்வொரு மாதமும் நமக்கு 18,000 நஷ்டம். வாடகை ஒழுங்காகத் தருகிறாரா, வீட்டை ஒழுங்காக வைத்துக்கொள்கிறாரா, இந்த இரண்டுக்கும் சமையலறையில் என்ன வேகிறது என்பதற்கும் சம்பந்தம் கிடையாது.

அட்வான்ஸ் விஷயத்திலும் சரியாகவே சொன்னார்கள். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் வாங்குகிற வழக்கம் நம் அப்பா காலத்திலிருந்து இருக்கிறது. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. கம்பெனியும் மூன்று மாதம்தான் போட்டது. முதலில் எனக்குக் கொஞ்சம் யோசனையாக இருந்தது, ஆனால் மூன்று மாதம் என்றதும் பார்க்க வந்த கூட்டத்தைக் கண்டபின் அந்த யோசனை போய்விட்டது.

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி அக்ரிமென்ட். தெரு முனை ஜெராக்ஸ் கடையில் முத்திரைத்தாளில் பெயரை மட்டும் மாற்றி அடித்துக் கொடுக்கும் அந்த 11 மாத அக்ரிமென்ட் நமக்கெல்லாம் பழக்கம். பதிவுச் சட்டத்தில் ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும், அதைத் தவிர்க்கத்தான் 11 மாதம். ஆனால் இந்தப் புதுச் சட்டத்தில் அந்த வித்தை எடுபடாது, 11 மாதமோ 3 வருஷமோ எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், அதற்கு அரசே ஆன்லைன் தளம் வைத்திருக்கிறது. கம்பெனியே ஓனர், குடியிருப்பவர் இருவரின் ஆவணங்களையும் அதில் ஏற்றி, பதிவு எண் வாங்கி, அந்த எண்ணை எனக்கும் குடியிருப்பவருக்கும் அனுப்பினார்கள். நாளைக்கு வாடகை பாக்கி, காலி பண்ணமாட்டேன் என்று ஏதாவது தகராறு வந்தால் இந்த எண் இருப்பதும் இல்லாததும் பெரிய வித்தியாசம். எனக்குத் தெரிந்த ஹவுஸ் ஓனர்களில் பலருக்கு இப்படி ஒரு பதிவு இருப்பதே தெரியாது. ஒருமுறைக் கட்டணம் கொடுக்கலாம் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

அக்ரிமென்டில் அவர்கள் சேர்த்த ஒரு வரியும் நல்ல வரி: வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தால் 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்ல வேண்டும். சட்டத்திலும் அதுதான் இருக்கிறது. நம் ஊர் ஓனர்கள் சிலர் 'என் வீடு, நான் எப்ப வேணா வருவேன்' என்று காலிங் பெல் அடிப்பதைப் பார்த்திருக்கிறேன், குடியிருப்பவர் ஓடிப்போக அது ஒன்றே போதும்.

இனி ரிப்பேர். இங்கேதான் எல்லாம் கெட்டுப்போகிறது. ஒப்பந்தத்தில் 5,000 ரூபாய் வரையிலான வேலையை ஓனரைக் கேட்காமலே செய்யலாம் என்று ஒரு விதி இருக்கிறது. கேட்க நியாயமாகத்தான் தோன்றும், குழாய் உடைந்து தண்ணீர் கொட்டும்போது பெங்களூருக்குப் போன் போட்டுக்கொண்டிருக்க முடியுமா? ஆனால் நடப்பது இது. சமையலறை சிங்க்குக்கு அடியில் ஆங்கிள் வால்வு கசிந்தது. மாதாந்திரக் கணக்கில் 'பிளம்பிங் வேலை 1,850' என்று ஒரே வரி. பிரித்துக் கொடுங்கள் என்று இரண்டு மெயில் போட்ட பிறகு வந்தது: வால்வு 650, டேப்பும் சில்லறைச் சாமானும் 130, கூலி 500, விசிட் சார்ஜ் 400, அதற்கு மேல் கம்பெனியின் 'ஒருங்கிணைப்புக் கட்டணம்' 10 சதவீதம், 168. கூட்டினால் 1,848, அதை 1,850 ஆக்கியிருக்கிறார்கள். கூடவே ஒரு போட்டோ, அதில் பாதிக்கு பிளம்பரின் கட்டைவிரல், மீதியில் வால்வு. அதே வால்வை மேடவாக்கம் மெயின் ரோடு ஹார்டுவேர் கடையில் 350 ரூபாய்க்கு விற்கிறார்கள், நானே போய்க் கேட்டேன். அடுத்த மாதக் கணக்கில் அதே சிங்க், அதே கசிவு, இன்னொரு விசிட் சார்ஜ். முதலில் செய்த வேலை சரியில்லை என்றால் இரண்டாவது தடவை எதற்கு நான் காசு கொடுக்க வேண்டும் என்று கேட்டதற்கு, அது வேறு வேண்டர் என்றார்கள்.

தொகை சின்னதுதான், ஆனால் மேலே போட்ட கணக்கைப் பாருங்கள். வருஷத்துக்கு ரிப்பேருக்கு 15,000 என்று எழுதியதில் மூன்றில் ஒரு பங்கு இந்த மாதிரி விசிட் சார்ஜும் ஒருங்கிணைப்பும்தான். 2.4 சதவீதம் வருகிற முதலீட்டில் ஐயாயிரம் ரூபாய் ஒழுகுவது சின்ன விஷயமில்லை. அதோடு 8 சதவீதமே பார்த்துக்கொள்வதற்குத்தான் கொடுக்கிறேன், அதற்குள் அடங்காத ஒருங்கிணைப்பு எது என்று எனக்கு இதுவரை புரியவில்லை.

அசோசியேஷன் விஷயத்தில் இவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை, அதை அவர்கள் தப்பு என்றும் சொல்லமாட்டேன். மேல் வீட்டு பாத்ரூமிலிருந்து எங்கள் பெட்ரூம் சீலிங்கில் ஈரம் இறங்கியது. கம்பெனி ஆள் போய்ப் பேசினால் செக்ரட்டரி 'ஓனர் வரட்டும்' என்று சொல்லிவிட்டார். நான் சென்னைக்குப் போய், மேல் வீட்டு அங்கிளிடம் உட்கார்ந்து காபி குடித்து, செலவில் பாதி பாதி என்று பேசி முடித்த பிறகுதான் டைல்ஸைப் பெயர்த்தார்கள். அடுக்குமாடியில் வீடு வாங்கினால் செக்ரட்டரி நம்பரும் பக்கத்து வீட்டுக்காரர் நம்பரும் நம் போனில் இருந்தாக வேண்டும், எந்தக் கம்பெனிக்கு எவ்வளவு கொடுத்தாலும் சரி.

மாத வாடகை வந்து சேருவது ஒழுங்கு. 5ஆம் தேதிக்குள் அவர்களிடம் வருகிறது, 10ஆம் தேதிக்குள் எனக்கு. இடையில் அந்த ஐந்து நாள் என் பணம் அவர்கள் கணக்கில் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. வாடகை நேராக ஓனர் கணக்குக்கு வந்து, கட்டணத்துக்கு அவர்கள் பில் போடுகிற முறையும் இருக்கிறது, கேட்டால்தான் சொல்கிறார்கள், கேளுங்கள். வாடகை ரசீது மாதாமாதம் தானாகப் போய்விடுகிறது, சம்பளத்தில் எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப் படி) காட்டுகிறவர்களுக்கு அது முக்கியம், வருஷ வாடகை ஒரு லட்சம் தாண்டினால் ஓனரின் பான் எண்ணும் கேட்பார்கள், கொடுக்க யோசிக்காதீர்கள். சொத்து வரியை அரையாண்டு தொடங்கிய முதல் 30 நாளுக்குள் கட்டினால் சென்னை மாநகராட்சி 5 சதவீதம் தள்ளுபடி தருகிறது. அதைக் கம்பெனி ஞாபகப்படுத்தும் என்று எதிர்பார்க்காதீர்கள், நீங்களே காலண்டரில் ஏப்ரலையும் அக்டோபரையும் குறித்து வையுங்கள்.

முதல் குடித்தனம் காலி பண்ணியபோது ஒரு சங்கடம். சென்னை வழக்கப்படி ஒரு மாத வாடகையைப் பெயின்டிங்குக்கென்று பிடித்துக்கொள்ளலாம் என்று கம்பெனி சொன்னது. அவர் இருந்ததே ஒரு வருஷம் சொச்சம், சுவரில் இரண்டு ஆணி, ஒரு இடத்தில் குழந்தையின் கிரேயான் கிறுக்கல், அவ்வளவுதான். உள்ளே வந்தபோது எடுத்த போட்டோக்களையும் வெளியே போனபோது எடுத்தவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அந்த ஒரு சுவருக்கு மட்டும் 1,500 பிடித்தால் போதும் என்று சொன்னேன். இந்த போட்டோ ரிப்போர்ட் கம்பெனியின் நல்ல பழக்கம், சுவிட்ச் போர்டு முதல் அலமாரிக் கைப்பிடி வரை ஒவ்வொன்றுக்கும் படம் இருக்கிறது. ஆனால் அது கையில் இருந்தும் கண்ணை மூடிக்கொண்டு 18,000 பிடிக்கச் சொன்னது எனக்கு உறுத்தியது. புது ஆள் வரும்போது பெயின்ட் அடித்த பில்லில் அவர்களுக்கு 10 சதவீதம் வருமே என்ற எண்ணமும் வராமல் இல்லை.

துபாய், சிங்கப்பூர், அமெரிக்கா என்று வெளிநாட்டில் இருந்துகொண்டு இங்கே வீடு வாங்குகிறவர்கள்தான் இந்தச் சேவையை அதிகம் தேடுகிறார்கள், அவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஓனர் என்ஆர்ஐ என்றால் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாடகை கொடுக்கிறவர் 31.2 சதவீதம் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக் கட்டியாக வேண்டும், உங்கள் வரிக்கு மேல் போனதைப் பிறகு ரிட்டர்ன் போட்டுத்தான் நீங்கள் திரும்ப வாங்க வேண்டும். இங்கேயே இருக்கும் ஓனருக்கு, தனிநபர் கொடுக்கும் மாத வாடகை 50,000 தாண்டினால்தான் டிடிஎஸ், அதுவும் 2024 அக்டோபரிலிருந்து 2 சதவீதம்தான். அமெரிக்காவில் இருக்கும் என் நண்பனுக்கு இதே வேலையைச் செய்துகொண்டிருந்த வேறொரு கம்பெனி இந்த விஷயத்தைப் பற்றி மூச்சே விடவில்லை. கையெழுத்துப் போடும் முன் டிடிஎஸ் யார் பிடிப்பார்கள், யார் கட்டுவார்கள், சான்றிதழ் யார் தருவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள்.

எனக்கு இந்த வருஷ ஒப்பந்தம் முடியப் போகிறது. கம்பெனியை மாற்றவில்லை, மேனேஜர் நல்ல மனுஷன், போனை எடுக்கிறார், அது பெரிய விஷயம். ஆனால் நாலு திருத்தம் கேட்டு மெயில் போட்டிருக்கிறேன். கேட்காமல் செய்யும் ரிப்பேர் வரம்பு 5,000க்குப் பதில் 2,000 என்று ஆக வேண்டும், அதற்கு மேல் போனால் கொட்டேஷன் வாட்ஸ்அப்பில் வர வேண்டும். ஒரே கோளாறு 60 நாளுக்குள் திரும்ப வந்தால் விசிட் சார்ஜ் கிடையாது. வாடகை நேராக என் கணக்குக்கு. வீடு காலியாக இருக்கும் மாதத்துக்கு 'குறைந்தபட்சக் கட்டணம்' 1,000 என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறதே, அதை எடுக்க வேண்டும். முதல் மூன்றுக்கும் சரி என்று பதில் வந்துவிட்டது. நாலாவதற்கு ஹெட் ஆபீஸில் கேட்க வேண்டுமாம்.